கறுப்புக் கயிறு கட்டிய பாட்டில்

லேப் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, எனக்குக் கோர்வையாகப் பேச வராது. ஒன்றைச் சொல்லப் போய் இன்னொன்றுக்குள் நுழைந்துவிடுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பன்னிரண்டாவது படித்தவர்கள், சிலபேர் டிகிரி என்கிறார்கள். நான் மூன்றாம் வகுப்பு. கையெழுத்துப் போடுவேன். பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அதற்கு மேல் கிடையாது. அப்படிப்பட்டவன் திருவண்ணாமலையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தின் கெமிஸ்ட்ரி லேபில் இருபத்தேழு வருஷம் இருந்தேன். நான் சொல்லப்போவது அதில் ஒரே ஒரு காலை நேரத்தைப் பற்றி. ஆனால் அதற்கு முன்னால் கயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் முதலில் பெருக்குகிறவனாகத்தான் சேர்ந்தேன். மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றுவேன், மணி அடிப்பேன். லேபில் இருந்தவர் மாற்றலாகிப் போனதும் சாவியை என்னிடம் கொடுத்தார்கள். "கண்ணாடி சாமான கழுவி வெக்கற வேலதான் ஏழுமலை, ஒண்ணும் கஷ்டமில்ல" என்றார் எச்.எம். அம்மா. உள்ளே போய்ப் பார்த்தால் அலமாரி நிறைய பாட்டில். ஒவ்வொன்றின் மேலும் இங்கிலீஷ் சீட்டு. ஒவ்வொன்றுக்குள்ளும் தண்ணீர் மாதிரி ஏதோ ஒன்று.

முதல் வாரமே ஒரு வேலை செய்தேன். கெட்டி ஆசிடைக் கொஞ்சம் நீர்க்க வைக்க வேண்டும் என்று கெமிஸ்ட்ரி டீச்சர் யாரிடமோ சொல்லிக்கொண்டு வகுப்புக்குப் போனது என் காதில் விழுந்தது. நல்ல பெயர் வாங்கலாம் என்று, வீட்டில் மோரை விளாவுவது போல, சொம்புத் தண்ணீரை எடுத்து ஆசிடுக்குள் ஊற்றினேன். புஸ்ஸென்று சீறி மேலே அடித்தது. சட்டை முழுக்கச் சல்லடை மாதிரி ஓட்டை. முகத்தில் படவில்லை. டீச்சர் ஓடி வந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

"ஏழுமலை, அவரு பெரியவரு. அவர் தலைல தண்ணி ஊத்தக் கூடாது. நெறைய தண்ணிய வெச்சிக்கிட்டு, அதுல அவர கொஞ்சம் கொஞ்சமா எறக்கணும். புரியுதா?"

"புரியுதுங்க டீச்சர்."

"சட்டைக்கு வீட்ல என்ன சொல்வீங்க?"

"எலி கடிச்சிடுச்சுன்னு சொல்லிக்கிறேங்க."

"இத்தினி எலியா?" என்று சிரித்தார்.

அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் ஆசிட் என்றால் பெரியவர். 'பெரியவரக் கொண்டாங்க', 'பெரியவரு தீந்துட்டாரு' என்றுதான் பேச்சு.

அந்த டீச்சர்தான் எனக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தார். காரம் என்று முதலில் கேட்டபோது மிளகாய்க் காரம் என்று நினைத்துக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. "கல்யாண வீட்ல ஆரத்தித் தண்ணி எப்படி செவக்குது?" என்று கேட்டார். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைப்பார்கள், சிவந்துபோகும், அது யாருக்குத்தான் தெரியாது. "அந்தச் சுண்ணாம்பு காரம். சோப்பும் காரம். அதனாலதான் சட்டைல பட்ட மஞ்சக் கறை சோப்பு போட்டா செவக்குது. இப்ப அந்த ஆரத்தித் தண்ணில எலுமிச்சம்பழத்த புழிங்க." பிழிந்தேன். சிவப்பு போய் மறுபடியும் மஞ்சள் வந்துவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. முப்பது தாண்டினவன், கையில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி நின்றேன். "எலுமிச்சைல இருக்கறது பெரியவரோட சொந்தக்காரரு. அவரும் காரமும் சரிசமமா சேந்துட்டா சண்ட அடங்கிடும். உப்பும் தண்ணியும்தான் மிஞ்சும்." அவ்வளவுதான் நான் படித்த கெமிஸ்ட்ரி. இன்றுவரை அது போதுமாயிருந்தது. இல்லை, போதவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

பாட்டிலை அடையாளம் பிடிக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். கோயிலைச் சுற்றி எத்தனை கயிற்றுக் கடை. சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று கட்டுக் கட்டாக வாங்கி வந்து பாட்டில் கழுத்தில் கட்டினேன். ஆசிட் நீல லிட்மஸ் காகிதத்தைச் சிவப்பாக்கும், அதனால் அதற்குச் சிவப்பு. உப்புக்கு மஞ்சள். காரம் சிவப்புக் காகிதத்தை நீலமாக்கும், ஆனால் கடையில் நீலக் கயிறு இல்லை, அதனால் கறுப்பு. பிள்ளைகள் கேலி செய்வார்கள். "என்னண்ணா, பாட்டிலுக்கே திருஷ்டி கழிச்சிட்டீங்களா?" என்பார்கள். நானும், "ஆமா, நீங்க ஒடைக்கற ஒடைப்புக்கு வேற வழி?" என்பேன்.

ஒவ்வொரு வருஷமும் லேபுக்குள் புதிதாக வரும் பிள்ளைகளிடம் சிவப்புக் கயிறு கட்டின பாட்டிலைத் தூக்கிக் காட்டி, "இவரு பெரியவரு, பாத்துப் பழகுங்க" என்று சொல்வேன். கறுப்புக் கயிற்றைக் காட்டி எதுவும் சொன்னதில்லை. சோப்பு மாதிரி விரலில் வழவழவென்று இருக்கிற சமாச்சாரம், அதற்கு எதற்குப் பயம் என்று நினைத்திருந்தேன்.

இனி அந்தக் காலை.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு பிராக்டிகல் பரீட்சை. கொடுத்திருக்கும் மாதிரி அமிலமா காரமா என்று கண்டுபிடித்து எழுத வேண்டும். இரண்டும் தண்ணீர் மாதிரி இருக்கும். பினாப்தலீன் ஒரு சொட்டு விட்டால் காரம் ரோஸ் நிறமாகும், அமிலம் அப்படியே இருக்கும். சுலபமான சோதனை. ஆனால் கிராமத்திலிருந்து வருகிற பிள்ளைகள், பரீட்சை என்றாலே தெரிந்ததையும் மாற்றி எழுதிவிடுவார்கள்.

வேறு பள்ளிக்கூடத்திலிருந்து எக்ஸாமினர் வருகிறார் என்று நான் முதல் நாளே மேஜையெல்லாம் தேய்த்துக் கழுவினேன். காரத்துக்கு எப்போதும் ரப்பர் கார்க்கு போடுவதுதான் வழக்கம். அன்றைக்கு, பார்க்க அழகாக இருக்கட்டும் என்று, புதிதாக வந்திருந்த கண்ணாடி மூடி போட்ட பாட்டில்களில் ஊற்றி வைத்தேன். காரம், அதாவது காஸ்டிக் சோடா, கண்ணாடி மூடியைப் பிடித்துக்கொள்ளும், சிமெண்ட் பூசின மாதிரி இறுகிவிடும் என்று டீச்சர் எனக்கு எப்போதோ சொல்லியிருந்தார். ஒரு ராத்திரிதானே என்று விட்டுவிட்டேன். அதோடு, நிறம் பளிச்சென்று தெரிந்தால் பிள்ளைகள் குழம்ப மாட்டார்களே என்று, கரைக்கும்போது சோடா வில்லைகளை அளவுக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாகப் போட்டேன். நல்ல எண்ணத்தில்தான் போட்டேன். நல்ல எண்ணத்தை எங்கே கொண்டுபோய்ச் சொல்வது.

மூன்றாவது மேஜையில் இரண்டு பிள்ளைகள். ஒருத்தி ரேவதி, டவுன் பிள்ளை, வாய்த்துடுக்கு. இன்னொருத்தி மஞ்சுளா. செங்கம் ரோட்டுப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வருவாள். கூப்பிட்டால்தான் பேசுவாள். லேபை விட்டுப் போகும்போது அவள் மேஜையை மட்டும் நான் துடைக்க வேண்டியிருக்காது, அவளே துடைத்துவிடுவாள்.

கறுப்புக் கயிற்றுப் பாட்டிலின் மூடி வரவில்லை. மஞ்சுளா பாட்டிலைப் பிடித்துக்கொண்டாள், ரேவதி மூடியை இழுத்தாள். "புடிடி நல்லா, விட்டுடாத" என்று ரேவதி சொன்னது என் காதில் விழுந்தது. நான் திரும்புவதற்குள் மூடி பிய்த்துக்கொண்டு வந்தது. ரேவதியின் கை போன வேகத்தில் பக்கத்திலிருந்த ஆசிட் பாட்டில் மேல் இடித்து, அது உடைந்தது. உள்ளங்கை கிழிந்து ரத்தம். கிழிந்த இடத்தில் ஆசிட். அந்தப் பிள்ளை போட்ட அலறல் வாசல் வேப்பமரம் வரை கேட்டது. பிள்ளைகள் கத்திக்கொண்டு ஒதுங்கினார்கள். நானும் ஓடினேன், டீச்சரும் ஓடினார், எக்ஸாமினரும் ஓடி வந்தார்.

ரேவதியின் கையைக் குழாயடியில் பிடித்தேன். அப்போதுதான் பக்கத்தில் மஞ்சுளா இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன்.

"ஒனக்கு என்னம்மா?"

"கண்ல பட்டுடுச்சுண்ணா."

"எது? செவப்பா, கறுப்பா?"

"கறுப்புக் கயிறுண்ணா."

பெரியவர் இல்லை என்று எனக்கு மூச்சு வந்தது. இடது கையால் தண்ணீரை அள்ளி அவள் கண்ணில் இரண்டு தடவை அடித்தேன்.

"எரியுதா?"

அவள் ரேவதியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"எரியலண்ணா."

"சரி, போய் ஒக்காரு. நான் வரேன்."

இப்படித்தான் சொன்னேன். பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் நான் இன்னும் நின்றுகொண்டிருக்கிறேன்.

ரேவதியின் கையைக் கழுவித் துணி சுற்றி, ஆட்டோ பிடித்து டீச்சரோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். உடைந்த கண்ணாடியைப் பொறுக்கினேன். கொட்டின ஆசிட் மேல் சோடா உப்பைத் தூவித் துடைத்தேன். எல்லாம் சரியாகச் செய்தேன். எக்ஸாமினர், "பரவாயில்லப்பா, பதறாம செஞ்சீங்க" என்று பாராட்டினார்.

அதற்குள் மஞ்சுளா பரீட்சையை முடித்திருந்தாள். கைக்குட்டையை நனைத்து ஒரு கண்ணில் வைத்துக்கொண்டு, இன்னொரு கண்ணால் பார்த்துச் சோதனையைச் செய்து, 'கொடுக்கப்பட்ட மாதிரி ஒரு காரம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். அழகான கையெழுத்து என்று எக்ஸாமினர் சொன்னார். நான் வாசலில் நின்று, "கண்ணக் காட்டும்மா" என்றேன். கைக்குட்டையை எடுத்தாள்.

கருவிழி வெந்த மாதிரி மங்கலாக இருந்தது.

அப்போது அவளைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய், தலையைப் பிடித்து, இமையை விரித்து, எவ்வளவு நேரம் தண்ணீர் விட்டேன் என்று எனக்கே தெரியாது. யாரோ வந்து என் கையைப் பிடித்து நிறுத்தி அவளை ஆட்டோவில் ஏற்றினார்கள். இங்கே இருக்கிற ஆஸ்பத்திரி, பிறகு வெளியூரில் பெரிய ஆஸ்பத்திரி. ஆசிட் பட்ட இடத்தைச் சுட்டுவிட்டுப் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும், காரம் அப்படி நிற்காது, அலசி எடுக்கிற வரை உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். இடது கண் பார்வை வரவில்லை.

ரேவதியின் கைக்கு நான்கு தையல். பத்து நாளில் ஆறிவிட்டது.

அப்புறம், நடந்ததைப் பற்றி மேலாபீசுக்கு அனுப்ப ஒரு காகிதம் தயாராகி வந்தது. எச்.எம். அம்மா அதைப் படித்துக் காட்டினார். உடனடியாகக் கண் கழுவப்பட்டது என்றும், மாணவி தனக்கு எரிச்சல் இல்லை என்று கூறியதால் மேற்கொண்டு எதுவும் செய்யப்படவில்லை என்றும் அதில் இருந்தது. "சரிதானே ஏழுமலை? அந்தப் பொண்ணு அப்படித்தானே சொல்லிச்சு?" என்றார்.

"ஆமாங்கம்மா. அப்படித்தான் சொல்லிச்சு."

கையெழுத்துப் போட்டேன். பொய் ஒன்றும் இல்லை அதில். ஆனால் பதினைந்து வயசுப் பிள்ளையின் ஒரு வார்த்தையை எடுத்து எனக்குக் குடையாகப் பிடித்துக்கொண்டேன். அது பேனாவைக் கீழே வைக்கும்போதே எனக்குத் தெரிந்தது.

டீச்சர் அந்தக் காகிதத்தைப் பற்றி என்னிடம் எதுவும் பேசவில்லை. ஒருநாள் அலமாரியைப் பூட்டும்போது மட்டும், "நானும் சத்தம் வந்த பக்கம்தான் ஓடினேன் ஏழுமலை" என்றார். அடுத்த வருஷம் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மஞ்சுளாவின் அப்பா ஒருமுறை பள்ளிக்கூடத்துக்கு வந்தார். வெயிலில் காய்ந்த விவசாயி. லேப் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"நீங்கதானுங்களா சார் தண்ணி ஊத்துனது?"

அதுவரை என்னை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை.

"ஆமாங்க."

"இன்னொரு கண்ணாவது தப்பிச்சுதே, ஒங்க புண்ணியம் சார்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கண்ணில் காரம் படவே இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நானும் கும்பிட்டேன். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலமே கறுப்புக் கயிற்றையெல்லாம் அறுத்துப் போட்டேன். ஆசிடுக்குச் சிவப்பு ஒரு சுற்று, காரத்துக்குச் சிவப்பு இரண்டு சுற்று என்று கட்டினேன். கண்ணாடி மூடிகளை மூட்டை கட்டிப் பரணில் போட்டேன். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு பிள்ளையிடமும், என்னிடம் வேலை பழக வந்தவர்களிடமும் ஒன்றையே சொன்னேன். ஆசிட் பட்டால் எரியும், கத்துவோம், கழுவுவோம். காரம் எரியாது. எரியாமல் ஏமாற்றிவிடும். அதுதான் பொல்லாதது. இதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. சொல்லச் சொல்ல எனக்கும் கொஞ்சம் லேசானது. தப்பு காரத்தினுடையது என்று ஆகிவிடுகிறதல்லவா.

பத்துப் பன்னிரண்டு வருஷம் போய்விட்டது. நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின மாதம். லேபை அப்போது புதுக் கட்டிடத்தின் மாடிக்கு மாற்றியிருந்தார்கள். பீக்கர் கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது.

"அண்ணா, என்னைத் தெரியுதா?"

மூக்குக் கண்ணாடி, புடவை, கையில் ஒரு ஃபைல். தலையை இடது பக்கம் நன்றாகத் திருப்பி லேபைப் பார்த்தாள். அந்தத் திருப்பலில் தெரிந்துவிட்டது.

மழையில் மார்க் ஷீட் நனைந்துவிட்டதாம், வேறு வாங்க எச்.எம். கையெழுத்துக்கு வந்தாளாம். ஆசிரமத்துப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை. "வெள்ளைக்காரங்க வருவாங்கண்ணா, இங்கிலீஷ்லாம் பேசுவேன் இப்ப" என்று சிரித்தாள். ஒரு பெண் குழந்தை, ஒன்றாவது படிக்கிறதாம். அப்பா நன்றாக இருக்கிறாராம். அலமாரி பக்கம் போய் நின்றாள்.

"கறுப்புக் கயிறு காணமேண்ணா?"

"எடுத்துட்டேம்மா. இப்ப ரெண்டுக்கும் செவப்புதான். காரம் எரியாம ஏமாத்திடும்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன்."

"யாருண்ணா சொன்னது, எரியாதுன்னு?"

"நீதானம்மா அன்னிக்கு சொன்ன."

அவள் பாட்டிலின் கழுத்தில் இருந்த கயிற்றை விரலால் நெருடிக்கொண்டிருந்தாள்.

"எரிஞ்சுதுண்ணா. உயிர் போற மாதிரி எரிஞ்சுது."

என் கையிலிருந்த பீக்கரைத் தொட்டியில் வைத்தேன்.

"ரேவதி கத்திட்டிருந்தா. அவளுக்கு ரத்தம் வந்துச்சு. நீங்க, டீச்சர் எல்லாரும் அங்க இருந்தீங்க. எனக்கும் எரியுதுன்னு சொன்னா யாரு பாப்பாங்கன்னு இருந்துச்சு. பரீட்ச வேற. வெளிய அனுப்பிடுவாங்களோன்னு பயம். அப்பாவுக்கு அன்னிக்கு அறுப்புண்ணா, ஆள் விட்டிருந்தாரு. போன் பண்ணி வரச் சொன்னா வேல கெட்டுடும். மத்தியானத்துக்குள்ள சரியாயிடும்னு நெனச்சேன்."

"சொல்லியிருக்கலாமேம்மா."

"நீங்க கேட்டீங்களேண்ணா, எரியுதான்னு. அந்த அவசரத்துல கேட்டீங்களா, எரியலன்னு சொன்னாத்தான் ஒங்களுக்கு நல்லாருக்கும்னு தோணிச்சு."

கோபமாகச் சொல்லவில்லை. கெஸ்ட் ஹவுஸ் கதையைச் சொன்ன அதே குரலில் சொன்னாள். நான்தான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இத்தனை வருஷம் நான் பழி போட்ட காரம், பாவம், எரியத்தான் செய்திருக்கிறது.

அதனால் பிள்ளைகளே, நான் முன்னால் சொன்னதை எங்கேயாவது கேட்டிருந்தால் மறந்துவிடுங்கள். காரமும் எரியும். கத்துகிற பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நிறையப்பேர் ஓடி வருவார்கள். நீங்கள் பக்கத்தில் நிற்கிற பிள்ளையைப் பாருங்கள். எரியுதா என்று கேட்காதீர்கள். கேட்டால் அது உங்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லும். கையைப் பிடித்துக் குழாயடிக்குக் கூட்டிப்போய், இமையை விரித்து, போதும் போதும் என்று அது சொன்னாலும் விடாமல், ஆஸ்பத்திரிக்கு வண்டி வருகிற வரை தண்ணீர் விட்டுக்கொண்டே இருங்கள். அது எனக்கு ஒரு கையால் முடிந்திருக்கும். ஒரு கை சும்மாதான் இருந்தது.

மஞ்சுளா கிளம்பினாள். மாடிப்படி புதிது. எல்லாம் ஒரே மாதிரி பளபளக்கிற கல், ஓரத்தில் கோடு கிடையாது. அவள் முதல் படியில் நின்று, செருப்பு நுனியால் அடுத்த படியைத் தேடுவதைப் பார்த்தேன்.

"படி தெரியுதாம்மா?" என்று வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"தெரியுதுண்ணா. நீங்க போங்க, வேலயப் பாருங்க."

நான் கையைத் துடைத்துக்கொண்டு அவளுடைய இடது பக்கமாகப் போனேன். அவளுக்கு ஒரு படி முன்னால் இறங்கினேன். அவள் என் தோளில் கை வைத்தாள். கடைசிப் படி வரை எடுக்கவில்லை.